சமைக்கப் பிடிக்காதவர் எடை குறைக்க: காரைக்குடிப் பக்கத்துக் கணக்கு

செட்டிநாட்டில் சமைக்கத் தெரியாது என்பதற்காகப் பட்டினி கிடந்தவர் யாரும் இல்லை. தெருவுக்கு ஒரு மெஸ், முக்குக்கு ஒரு இட்லிக் கடை, பாக்கெட் மாவு, வீட்டிலேயே செய்து கொடுக்கும் ஆச்சிமார், பலகாரக் கடை என எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. இப்படிப்பட்ட ஊரில் எடை குறைக்க நினைப்பவரிடம் "முதலில் சமைக்கக் கற்றுக்கொள்ளுங்கள்" என்பது வீண் பேச்சு. வெங்காயம் உரிக்கவே சலித்துக்கொள்பவர் ஓட்ஸும் கீன்வாவும் வாங்கி வந்து, நாலாம் நாள் அடுப்பை அணைத்துவிட்டுப் பரோட்டாக் கடைக்குத்தான் போவார். அவர் கற்றுக்கொள்ள வேண்டியது வாங்கும் முறையை: கடையில் எதைக் கேட்பது, எவ்வளவு கேட்பது, இலையில் எதை முதலில் சாப்பிடுவது. வீட்டில் செய்ய வேண்டியது இரண்டே வேலை. முட்டை அவிக்கணும், பயறு அவிக்கணும். தாளிப்பு, வதக்கல், அரைப்பு எதுவும் கிடையாது.

முதலில் கணக்கு. எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து, எடையை உயரத்தால் இரண்டு தடவை வகுத்தால் வருவது பிஎம்ஐ. 1.65 மீட்டர் உயரம், 74 கிலோ என்றால் 27 வரும். இந்தியர்களுக்கு 23-க்கு மேல் போனாலே அதிக எடை, 25-ஐத் தொட்டால் உடல் பருமன். இதைவிட முக்கியம் இடுப்புச் சுற்றளவு: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள், பெண்களுக்கு 80-க்குள் இருக்க வேண்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை இழுத்துப் பிடிக்காமல் அளக்க வேண்டும். வேட்டி கட்டும் இடத்தில் அளந்தால் தொப்பைக்குக் கீழே போய்விடும், அளவு பொய் சொல்லும்.

வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் நல்ல வேகம். அதற்கு ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி குறைய வேண்டும். அந்த 500 எங்கே ஒளிந்திருக்கிறது? செட்டிநாட்டுச் சாப்பாடு என்றதும் மசாலாவைக் குற்றம் சொல்வார்கள். மிளகிலும் சோம்பிலும் கல்பாசியிலும் மராட்டி மொக்கிலும் கலோரி பேருக்குத்தான். இருக்குமிடம் நாலு: எண்ணெய், சோறு, தேங்காய், சீனி. எண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன், அதாவது 15 மில்லி, சுமார் 120 கலோரி. நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ செக்கில் ஆட்டியதோ, கலோரியில் எல்லாம் ஒன்றுதான். வெந்த சோறு 100 கிராமுக்கு 130. சீனி ஒரு டீஸ்பூன் 20. ஒரு நாளைக்கு நாலு காப்பி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சீனி என்றால் 160 கலோரி அங்கேயே போய்விட்டது. காப்பியை விட வேண்டாம். வாரத்துக்கு அரை ஸ்பூனாகச் சீனியைக் குறைத்தால் நாக்கு ஒரு மாதத்தில் பழகிவிடும். ஒரே நாளில் சீனியில்லாக் காப்பிக்கு மாறுபவர்கள்தான் மூன்றாம் நாள் ஒரு ஸ்பூன் கூடப் போட்டுக் குடிக்கிறார்கள்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்களும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களும் சோற்றைக் குறைப்பதற்கு முன் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். சாப்பாடு குறைந்து மருந்து அதே அளவில் இருந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கீழே சொல்லப்படும் பயறு, முட்டை அளவைத் தாங்களாகக் கூட்டக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு இந்தக் கட்டுரையே வேண்டாம்.

மெஸ்ஸில் கேட்கும் முறை

மெஸ்ஸில் பகல் சாப்பாடு என்றால் குழம்புக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை எனச் சோறு வரும். மூன்றும் சேர்ந்தால் எளிதாக 400, 500 கிராம். சோற்றில் மட்டும் 500 முதல் 650 கலோரி. கூட்டும் பொரியலும் இலையின் மேல்பக்கம் ஆளுக்கொரு சின்னக் கரண்டி. இந்த விகிதத்தைத் தலைகீழாக்குவதுதான் முழு வேலையும்.

உட்கார்ந்ததும் பரிமாறுகிறவரிடம், "அண்ணே, சோறு அப்புறம் வைங்க. கூட்டு, பொரியல் முதல்ல வைங்க, ரெண்டு கரண்டியா வைங்க" என்று சொல்லிவிடுங்கள். தினமும் போகிற மெஸ் என்றால் ஒரு வாரத்தில் அவரே தெரிந்துகொள்வார். காயில் பாதியைச் சோறு வருவதற்கு முன்பே சாப்பிட்டுவிட வேண்டும். வெறும் வயிற்றில் முதலில் போவது காயாக இருந்தால் சோறு குறைந்தது உறைக்காது. பிறகு ஒரே தடவை சோறு, 150 கிராம், ஒரு கைக்குள் அடங்கும் குவியல். அதையே மூன்றாகப் பிரித்துக் குழம்பு, ரசம், மோர் என்று முடித்துக்கொள்ளுங்கள். ரசத்தை இன்னொரு தம்ளர் வாங்கிக் குடிக்கலாம், அதில் கெடுதல் ஒன்றும் இல்லை. உப்புக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் மட்டும் ரசத்தையும் ஊறுகாயையும் அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும்.

குழம்பு வாளியைக் கவனித்துப் பாருங்கள். மேலே செக்கச்செவேலென்று எண்ணெய் தெளிந்து நிற்கும். அவசரத்தில் மேலாக மொண்டு ஊற்றினால் இலைக்கு வருவதில் பெரும்பகுதி அதுதான். இரண்டு கரண்டிக் குழம்பில் இரண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெய் வந்தால் 240 கலோரி, அந்த 150 கிராம் சோற்றில் இருப்பதைவிடக் கூட. "அடியில விட்டு ஊத்துங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் கெட்டியான குழம்பும் காயும் வரும். இலையில் விழுந்த பிறகும் எண்ணெய் ஓரமாகப் பிரிந்து ஓடினால் அதைச் சோற்றோடு பிசையாமல் அப்படியே விட்டுவிடலாம். ருசி குறையாது, மசாலாவின் காரமும் மணமும் குழம்பில் வேண்டிய அளவு இருக்கும்.

அசைவத்தில் குழம்பு மீன், தண்ணிக்குழம்பில் கிடக்கும் கோழி, அவித்த முட்டை, நண்டு எல்லாம் நல்ல தேர்வு. வறுத்த மீன், கோலா உருண்டை, இறால் வறுவல், உப்புக்கறி எல்லாம் எண்ணெயில் குளித்து வருபவை. அவற்றை விலக்கச் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை, கேட்கவும் வேண்டாம். வாரம் ஒரு நாள், ஒரே ஒரு தட்டு, அன்றைக்குச் சோறு அரைக் கரண்டி. சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் பருப்பையும் தயிரையும் கேட்டு வாங்க வேண்டும். காரக்குழம்பும் ரசமும் ஊற்றிச் சாப்பிட்டால் வயிறு நிறையும், புரதம் வந்திருக்காது. நாலு மணிக்குப் பசிக்கும், தேன்குழல் டப்பா திறக்கும்.

பார்சலுக்கு எவர்சில்வர் டப்பா கொண்டுபோங்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது என்பது ஒரு காரணம். டப்பாவே அளவாகிவிடுவது இன்னொரு காரணம். சோற்றுக்குக் கால் லிட்டர் டப்பா, பொரியலுக்கு அரை லிட்டர் டப்பா. கடைக்காரர் எதை நிரப்பினாலும் விகிதம் சரியாக வரும். மட்டன் குழம்பு வாங்கினால் இரவு குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். காலையில் கொழுப்பு மேலே வெள்ளையாக உறைந்திருக்கும், ஸ்பூனால் ஏடுபோல் எடுத்து எறியலாம். நல்லெண்ணெய் ஊற்றிய குழம்பில் எண்ணெய் உறையாது. அதை மேலாக ஸ்பூனால்தான் மொண்டு எடுக்க வேண்டும்.

டப்பா இல்லாமல் இலையில் கட்டி வாங்கினால் ஒரு பார்சல் சோறு பெரும்பாலும் இரண்டு பேருக்குக் காணும். பொட்டலத்தைப் பிரித்ததும், குழம்பு தொடுவதற்கு முன்பே, பாதிச் சோற்றைத் தனியாக எடுத்துவிடுங்கள். "சாப்பிட்டுப் பார்த்து மிச்சம் வைக்கலாம்" என்றால் மிச்சமே இருக்காது. எடுத்த பாதியில், மூழ்கும்படி குடிநீர் ஊற்றி மூடி வைத்தால் காலையில் பழைய சோறு. அடுப்பே பற்ற வைக்காத காலைச் சாப்பாடு. மோர் ஊற்றிக் கரைத்து, சின்ன வெங்காயம் நாலைக் கடித்துக்கொண்டு சாப்பிடுவதோடு ஒரு அவித்த முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ சேருங்கள். வெறும் பழைய சோற்றில் புரதம் மிகக் குறைவு. சித்திரை வைகாசி வெயிலில் 8 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. இலேசான புளிப்பு வாடை சரி. கையில் எடுத்தால் பிசுபிசுவென்று நூல் விட்டால் கொட்டிவிட வேண்டும். பழைய சோறு உடம்பைத் தானாக இளைக்க வைக்கும் என்று இப்போது நிறையப் பேர் சொல்கிறார்கள். அதிலிருக்கும் சோறு சோறுதான். தண்ணீர் சேர்வதால் குறைந்த சோற்றில் வயிறு நிறைகிறது, அதுவே அதன் லாபம்.

ராத்திரிப் பலகாரம்

இட்லி ஒன்று 50 முதல் 60 கலோரி. மூன்று இட்லி, இரண்டு கிண்ணம் சாம்பார், ஒரு முட்டை என்றால் 350-க்குள் அடங்கும். பரோட்டா ஒன்று 250 முதல் 300. இரண்டு பரோட்டாவும் மேலே எண்ணெய் மிதக்கும் சால்னாவும் 700-ஐத் தாண்டும். கடைகளில் இரவு எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதிலேயே ஒரு நாளைய 500 கலோரியில் முக்கால்வாசி வந்துவிடுகிறது. இதற்காக எதையும் சமைக்க வேண்டியதில்லை, மேஜையில் வேறொன்றைக் கேட்டால் போதும்.

இட்லிக்கு எது துணை என்பதில்தான் கோட்டை விடுவார்கள். பொடிக்கு ஊற்றும் எண்ணெய் ஒரு குழி நிறைய என்றால் அந்தக் குழியே இரண்டு இட்லி. பொடியில் மோரோ சாம்பாரோ விட்டுக் குழைத்துக்கொள்ளலாம், எண்ணெய்தான் வேண்டும் என்றால் ஒரு டீஸ்பூன். வரமிளகாய்ச் சட்னியும் எண்ணெயில் வதங்கியதுதான், தொட்டுக்கொள்ளும் அளவுக்கு வாங்கலாம். தேங்காய்ச் சட்னி இரண்டு ஸ்பூன். சாம்பார் எவ்வளவு வேண்டுமானாலும். இடியாப்பம் ஆவியில் வெந்தது என்பதால் நல்லது என்று நினைத்துத் தேங்காய்ப் பாலும் சீனியும் ஊற்றிச் சாப்பிட்டால் அது இனிப்புப் பலகாரம். கல்தோசை இரண்டு வாங்கலாம், "எண்ணெய் கம்மியா" என்று சொல்ல வேண்டும். நெய் ரோஸ்ட்டையும் வெள்ளைப் பணியாரத்தையும் ஒரே தராசில் வைக்கலாம். வெள்ளைப் பணியாரம் எண்ணெயில் பொரிப்பது, குழிப் பணியாரம் குழிக்குச் சில சொட்டு எண்ணெயில் வேகிறது. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்றென்று எண்ணிவிட வேண்டாம்.

இரவு 8 மணிக்கு முன் சாப்பிடச் சொல்வது எல்லாருக்கும் பொருந்தாது. கடை அடைத்துவிட்டு 10 மணிக்கு வருபவர் 10 மணிக்குத்தான் சாப்பிட முடியும். அளவு சரியாக இருந்தால் நேரம் பெரிய குற்றம் இல்லை. 6 மணிக்குப் பஜ்ஜி தின்றுவிட்டு 10 மணிக்கு மறுபடி முழுச் சாப்பாடு சாப்பிடுவதுதான் குற்றம். 6 மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டல் போய்விட்டால் 10 மணிக்கு இரண்டு இட்லி போதும். அந்தச் சுண்டல் எங்கிருந்து வரும் என்பது அடுத்தது.

வீட்டில் இரண்டு வேலை

வாரத்துக்கு இரண்டு நாள், அரை மணி நேரம். அந்த அரை மணியிலும் முக்கால்வாசி குக்கர் தானாக வேலை செய்யும்.

கொண்டைக்கடலை கால் கிலோ. இரவு படுக்கும் முன் மூன்று மடங்குத் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்புப் போட்டு ஊறவையுங்கள். உப்பு தோலை மென்மையாக்கும், சோடா மாவு தேவைப்படாது. காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கடலை மூழ்கி அதற்கு மேல் இரண்டு விரற்கடை நிற்கும்படி புதுத் தண்ணீர் ஊற்றி, மிதமான தீயில் 6 விசில், பிறகு தீயைக் குறைத்து 5 நிமிடம். ஆவி தானாக அடங்கட்டும். ஒன்றை எடுத்து விரலால் நசுக்கினால் மாவாக உடைய வேண்டும். கால் கிலோ வெந்ததும் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வரும். நாலு கிண்ணம் தேறும். ஒரு கிண்ணம், சுமார் 150 கிராம், 13 கிராம் புரதம் தரும்.

வேகவில்லை என்றால் காரணம் மூன்றில் ஒன்று. ஊறியது போதவில்லை, 8 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. அல்லது கடலை நாள்பட்டது. கடையில் ஒரு வருடம் கிடந்த கடலையை நாள் முழுக்க ஊறவைத்தாலும் நடுவில் கல் இருக்கும், அதற்கு மருந்து கிடையாது, கடையை மாற்றுங்கள். அல்லது தண்ணீர். சுண்ணாம்பு கூடிய ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் எந்தப் பயறும் சரியாக வேகாது. குடிக்கிற தண்ணீரிலேயே ஊறவைத்து, அதிலேயே வேகவைக்க வேண்டும். காரைக்குடியில் சம்பை ஊற்றுத் தண்ணீர் வரும் வீடுகளில் அதை எடுங்கள்.

பச்சைப் பயறு என்றால் 4 மணி நேரம் ஊறினால் போதும், 2 விசில். தட்டைப் பயறு 6 மணி நேரம், 3 விசில். காய்ந்த மொச்சைக்கு இரவு முழுக்க ஊறி 5 விசில் வேண்டும். மொச்சை, மண்டி என்னும் செட்டிநாட்டுக் குழம்பாக வந்தால்தான் தின்பேன் என்பவர்கள் அதை ஆச்சியிடம் விட்டுவிட்டு, வீட்டில் பச்சைப் பயறோடு நிற்கலாம். முளைகட்ட விரும்பினால் ஊறிய பயறை ஈரத் துணியில் முடிந்து 12 மணி நேரம். வெயில் காலத்தில் அதற்கு மேல் வைத்தால் வழவழப்பும் வாடையும் வந்துவிடும். முளைப் பயறைப் பச்சையாகத் தின்பதைவிட 5 நிமிடம் ஆவியில் வைத்துத் தின்பது பத்திரம். முளை விடுவதற்கு வேண்டிய ஈரமும் வெக்கையும் கிருமிக்கும் பிடித்தமானவை.

வெந்ததை வடித்து, சூடு ஆறியதும் 2 மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குப் போய்விட வேண்டும். 3 நாள் தாங்கும். தேங்காய் போட்டுவிட்டால் அன்றைக்கே தீர்க்கணும், ஆகவே மொத்தமாகத் தேங்காய் போடாதீர்கள். சாப்பிடும் நேரத்தில் ஒரு கிண்ணம் எடுத்து, எலுமிச்சை பிழிந்து, மிளகுத்தூள் தூவி, கைக்குக் கிடைத்தால் சின்ன வெங்காயமும் வெள்ளரிக்காயும் அரிந்து போட்டால் முடிந்தது. கடுகு தாளித்த மணம் இல்லாமல் தொண்டையில் இறங்காது என்பவர்கள் ஒரு டீஸ்பூன் எண்ணெயில் முழுப் பாத்திரத்துக்கும் ஒரே தடவை தாளித்து வைத்துக்கொள்ளலாம்.

இனி முட்டை. இட்லிக் கொப்பரையில் தண்ணீர் கொதித்து ஆவி வந்ததும் கழுவிய முட்டைகளைத் தட்டுக் குழிகளில் வைத்து மூடி, நடுத்தரத் தீயில் 12 நிமிடம். நாட்டுக்கோழி முட்டை சின்னது, 9 நிமிடம் போதும். எடுத்தவுடன் குளிர்ந்த தண்ணீரில் 5 நிமிடம் போட வேண்டும். இதைத் தவறவிட்டால் தோலோடு வெள்ளைக்கருவும் பிய்ந்து வரும். அன்றைக்கு இட்டதுபோல் புத்தம்புது முட்டையாக இருந்தால் எப்படிச் செய்தாலும் பிய்யும். 3, 4 நாள் ஆனதை அவியுங்கள். மஞ்சள்கருவைச் சுற்றிச் சாம்பல் பச்சை வளையம் வந்தால் நேரம் கூடிவிட்டது என்று அர்த்தம், சாப்பிடக் கேடில்லை. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து நேராக ஆவியில் வைத்தால் ஓடு வெடிக்கும், கால் மணி நேரம் வெளியில் இருக்கட்டும். தோலோடு பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் வரை இருக்கும். முட்டை ஒன்று 70 கலோரி, 6 கிராம் புரதம்.

ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் என்ற அளவில் புரதம் வந்தால் இளைக்கும்போது தசை கரைவது குறையும். 60 கிலோ எடைக்கு இரண்டு முட்டை 12, சுண்டல் ஒரு கிண்ணம் 13, தயிர் 200 கிராம் 6 அல்லது 7, சாம்பார் பருப்பு 6, இட்லி மூன்று 5, பகல் சோறு 4, மெஸ்ஸில் ஒரு துண்டுக் குழம்பு மீன் 15 முதல் 20. அவ்வளவுதான், எட்டிவிட்டது. மீன் இல்லாத நாளில் இன்னொரு கிண்ணம் சுண்டல். பெரிய வீட்டில் பிள்ளைகள் வெளியூர் போய்விடத் தனியாக இருக்கும் வயதானவர்கள் இந்தக் கணக்கை மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். "காலையில ரெண்டு பிஸ்கட், ராத்திரி பாலும் பழமும்" என்று ஓட்டுபவர்கள் இளைப்பார்கள், ஆனால் இளைப்பது தொப்பையாக இருக்காது, காலும் தொடையும்தான். படியில் ஏறும்போது தெரியும்.

நறுக்கவே பிடிக்காதவர்களுக்கு வெள்ளரிப் பிஞ்சு, தக்காளி, கேரட், கொய்யா, பெருநெல்லி, பருவத்தில் நுங்கு. கழுவினால் போதும், கடித்துத் தின்னலாம். கத்தி தொடாமல் ஒரு நாளைக்கு இரண்டு கை நிறையக் காயும் ஒரு பழமும் வந்துவிடும். பதநீர் நல்லதுதான், ஆனால் இனிப்பு இனிப்புதான், பெரிய தம்ளராகக் குடித்தால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கவுனி, கம்பு, பலகார டப்பா

கவுனி என்னும் கறுப்பு அரிசி சத்துள்ளது என்பது சரி. இளைக்க வைக்கும் என்பது வியாபாரப் பேச்சு. அரிசியாக எடையிட்டால் வெள்ளை அரிசிக்கும் அதற்கும் கலோரியில் பெரிய வித்தியாசம் இல்லை. செட்டிநாட்டில் அதை இறக்குவதோ சீனி, தேங்காய், நெய் சேர்த்து. இரவு முழுக்க ஊற வேண்டும், குக்கரில் நிறைய விசில் வேண்டும். சமையல் பிடிக்காதவருக்கு இந்தப் பாடு எதற்கு? விருந்தில் வரும்போது ஒரு கரண்டி ருசித்துச் சாப்பிட்டுப் போகலாம். கம்பங்கூழ், கேப்பைக்கூழ் வண்டி வந்தால் வாங்கிக் குடியுங்கள், வெயிலுக்கு அதைவிட நல்லது கிடைக்காது. அங்கே எடை கூட்டுவது கூழ் இல்லை. கூடக் கொடுக்கும் பொரித்த வத்தலும் மோர் மிளகாயும்தான். சின்ன வெங்காயம், மாங்காய் கேட்டு வாங்கலாம்.

பலகார டப்பா தனிப் பிரச்சினை. தேன்குழல், மணகோலம், சீப்புச் சீடை மாதிரி எண்ணெயில் பொரித்தவை 100 கிராமுக்கு 500 கலோரிப் பக்கம் வரும். டப்பாவுக்குள் கை விட்டால் எத்தனை வந்தது என்று யாருக்கும் தெரியாது. டப்பாவை மேஜையிலிருந்து எடுத்து, ஏணி போட்டால் மட்டும் எட்டும் அலமாரியில் வைத்துவிடுங்கள். சாப்பிட வேண்டும் என்றால் ஒரு சின்னத் தட்டில் ஒரு கைப்பிடி எடுத்து வைத்துவிட்டு, டப்பாவை மூடிய பிறகு உட்கார வேண்டும். கைப்பிடி 30 கிராம், 150 கலோரி. மாவுருண்டை பாசிப்பருப்பில் செய்தது, புரதம் உண்டு என்று சமாதானம் சொல்லிக்கொள்பவர்கள் அதில் ஊற்றிய நெய்யையும் நினைத்துப் பார்க்கட்டும்.

அடுத்தவர் பரிமாறும்போது

வீட்டில் சமைப்பவர் வேறொருவர் என்றால் அவருக்கு இந்த மாற்றம் கூடுதல் வேலையாக இருக்கக் கூடாது. தனியாக ஒரு கஞ்சி, தனியாக ஒரு சாலட் என்று கேட்டால் இரண்டாவது வாரம் அலுத்துவிடும், நியாயமும் இல்லை. "ஆச்சி, எனக்குச் சோறு ஒரு கரண்டி போதும், பொரியல் மட்டும் கூட அரிஞ்சு போடுங்க" என்று கேட்பது எளிது. காய் வாங்கி வருவதை உங்கள் பொறுப்பாக எடுத்துக்கொண்டால் கேட்க வாயும் வரும். வாரத்துக்கு இரண்டு கிலோ காய் வாங்கும் வீட்டில் மூன்றரை கிலோ வாங்குங்கள், பொரியல் தானாகக் கூடும். எண்ணெய்ப் பாட்டிலில் திறந்த தேதியை எழுதி ஒட்டுங்கள். ஆளுக்கு மாதம் அரை லிட்டருக்குள் நின்றால் நல்லது. யாரையும் குறை சொல்லாமல் பாட்டிலே பேசிக்கொள்ளும்.

படைப்பு, புதுமை, சாந்தி, கல்யாணம் என்று வீட்டு விசேஷங்கள் வரும் முகூர்த்த மாதங்களில் வாரத்துக்கு இரண்டு விருந்து வந்துவிடும். போகாமல் இருக்க முடியாது, போய்விட்டு வேண்டாம் என்றால் மனக்குறையாகும். பந்தியில் பரிமாறுபவர் காலி இடத்தைத்தான் தேடுவார். இலையில் காலி விழுந்தால் அடுத்த கரண்டி விழுந்துவிடும். எனவே பொரியல், கூட்டு, பச்சடியைக் கடைசி வரை கொஞ்சம் வைத்திருங்கள். இனிப்பில் பிடித்த ஒன்றை மட்டும் முழுதாகச் சாப்பிடுங்கள். ஐந்து இனிப்பையும் ஒவ்வொரு கடி கடித்து வைப்பது யாருக்கும் மரியாதை இல்லை. சோறு வரும் முன் கையை இலைக்கு மேல் குறுக்கே நீட்டி, "போதும், கொஞ்சம்" என்று சொல்லிவிட வேண்டும். விழுந்த பிறகு சொன்னால் பயனில்லை. விருந்துக்கு முன் பட்டினி கிடந்து போகாதீர்கள், ஒரு முட்டையும் ஒரு தம்ளர் மோரும் போய்விட்டால் இலை முன்னால் நிதானம் இருக்கும்.

எடை நிற்கும்போது

வாரம் மூன்று நாள், காலையில் வெளிக்குப் போய்விட்டு வந்து, எதுவும் குடிப்பதற்கு முன் எடை பாருங்கள். மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்ததுதான் அந்த வாரத்து எடை. விருந்துக்கு மறுநாள் ஒரு கிலோ கூடியிருந்தால் அது உப்பு பிடித்து வைத்த தண்ணீர். இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும். அதைப் பார்த்துப் பயந்து அன்று பட்டினி கிடப்பது வேண்டாத வேலை. டாக்டர் சொல்லாமல் பெண்கள் 1200, ஆண்கள் 1500 கலோரிக்குக் கீழே போகக் கூடாது.

நடைக்கு மரியாதை உண்டு, ஆனால் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். 70 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் 120 கலோரிப் பக்கம் செலவாகும், அரைப் பரோட்டா. நடந்துவிட்டு வரும் வழியில் டீயும் வடையும் சாப்பிட்டால் நடந்தது சர்க்கரைக்கும் இதயத்துக்கும் நல்லது, எடைக்கு ஒன்றும் இல்லை.

மூன்று வாரம் எடை அசையவில்லை என்றால் இந்த வரிசையில் பாருங்கள். முதலில் காப்பி, டீச் சீனி பழைய அளவுக்குத் திரும்பியிருக்கும். அடுத்து, மெஸ்ஸில் ஒரு கரண்டிச் சோறு ஒன்றரை ஆகியிருக்கும், பரிமாறுகிறவர் ஆள் மாறியிருப்பார், மறுபடி சொல்ல வேண்டும். அதற்கடுத்து ஞாயிற்றுக்கிழமை. ஆறு நாள் கட்டிய வாயை ஞாயிறு பகல் பிரியாணியும் இரவு பரோட்டாவும் சேர்ந்து அவிழ்த்துவிட்டால் வாரக் கணக்கு சமமாகிவிடும். மூன்றும் சரியாக இருந்தும் நிற்கிறது, கூடவே அசதி, முடி கொட்டல், மலச்சிக்கல் இருக்கிறது என்றால் தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும். எல்லாமே சரி என்றால் 4, 5 கிலோ குறைந்த உடம்புக்கு முன்பைவிடக் குறைவாகவே தேவைப்படுகிறது என்று அர்த்தம். இரவு மூன்றாவது இட்லியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு கிண்ணம் சாம்பார் வாங்கிக்கொள்ளுங்கள்.